அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு: ஓட்டே இல்லாத பினாங்குக்கு ஏன் இந்த அக்கறை?

2028 நவம்பர் 7-ஆம் தேதி அமெரிக்கர்கள் தங்களின் அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்கிறது 1951-ல் நடைமுறைக்கு வந்த 22-ஆவது அரசமைப்புத் திருத்தம். 2016-லும் 2024-லும் வென்றுவிட்ட டோனல்ட் டிரம்ப் மீண்டும் போட்டியிட வழியில்லை. ஆக, குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டுமே புது ஆளைத் தேட வேண்டும்.

நீங்கள் ஜார்ஜ் டவுனில் இருக்கிறீர்கள், கையில் இருப்பது மலேசியக் கடப்பிதழ். அந்தத் தேர்தலில் உங்களுக்கு ஒரு ஓட்டும் கிடையாது. இருந்தாலும் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தால், தே தாரே ஆறுவதற்குள் யாராவது ஒருவர் "அந்த ஆள் வந்தா நம்ம ஃபேக்டரிக்கு நல்லதா கெட்டதா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். இதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. பாயான் லெப்பாஸில் யாருக்காவது வேலை இருக்கிற குடும்பம் என்றால் அந்தக் கேள்வி வீட்டு மாதத் தவணையைப் பற்றியதும்தான்.

ஓட்டு இல்லாத ஒருவர் இன்னொரு நாட்டு அதிபர் வேட்பாளரை எப்படிப் பார்க்கலாம்? எதைக் கவனிக்கலாம், எதைச் செய்யவே கூடாது? பினாங்கிலேயே குடியிருக்கும் அமெரிக்கர் எப்படி ஓட்டுப் போடுகிறார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பினாங்குக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சம்பந்தம்?

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் விடுப்பில் வந்து ஓய்வெடுத்த ஊர்களில் பினாங்கும் ஒன்று. அது பழைய கதை, இன்றைக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் இருப்பது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த தொடர்பு.

1960-களின் கடைசியில் பினாங்கு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. சுங்க வரியில்லாத துறைமுகம் என்ற தகுதி பறிபோயிருந்தது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. 1969-ல் முதலமைச்சரான லிம் சொங் இயூ, ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளைக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார். அந்த யோசனையை எழுத்தில் கொடுத்ததும் ஓர் அமெரிக்க ஆலோசனை நிறுவனம்தான். 1970-ல் வந்த அதன் அறிக்கையை 'நாதன் அறிக்கை' என்று இன்றும் சொல்கிறார்கள். (இந்த நாதன் நம்மவர் இல்லை. ராபர்ட் நாதன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர்.)

1972-ல் பாயான் லெப்பாஸில் வயலாக இருந்த இடத்தில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது. 1975-ல் ஆலை எரிந்து போனது, மறுபடியும் கட்டினார்கள். அதே காலத்தில் நேஷனல் செமிகண்டக்டர், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரானிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் ஆகியவையும் வந்தன. இந்த எட்டையும் சேர்த்து 'எட்டு சாமுராய்கள்' என்று பினாங்கில் செல்லமாகச் சொல்வார்கள். பெயர் ஜப்பானியப் பெயராக இருந்தாலும் எட்டில் ஐந்து அமெரிக்கக் கம்பெனிகள்.

உலகில் செய்யப்படும் சிப்களை ஒன்றுசேர்த்து, சோதித்து, உறையிட்டு அனுப்பும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பெரும் பங்கு பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் பத்து காவான், பிறை, பக்கத்துக் கெடாவில் கூலிம் பகுதிகளிலும் நடக்கிறது. ஷிப்ட் பஸ்ஸில் ஏறிப் போகும் ஆப்பரேட்டர் அக்காவிலிருந்து சிப் வடிவமைக்கும் இன்ஜினியர் தம்பி வரை, தோட்டத்தை விட்டு வந்த இரண்டு தலைமுறைத் தமிழர்கள் பலருக்கு இதுதான் சோறு போட்டிருக்கிறது.

எனவே, பென்சில்வேனியாவில் ஒரு வேட்பாளர் மேடையேறி "வெளிநாட்டுக்குப் போன வேலைகளைத் திரும்பக் கொண்டுவருவேன்" என்று சொல்லும்போது, அந்த 'வெளிநாடு' என்ற சொல்லுக்குள் பாயான் லெப்பாஸும் இருக்கிறது. அவர் பினாங்கை நினைத்துப் பேசியிருக்க மாட்டார், அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். அதனால் விளைவு மாறிவிடாது.

2025-ல் என்ன நடந்தது?

ஓர் அதிபரின் கையெழுத்து எவ்வளவு சீக்கிரம் இங்கே வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு இறக்குமதி வரி என்று டிரம்ப் அறிவித்தார். ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 விழுக்காடு என்றார். ஜூலையில் பிரதமர் அன்வார் இப்ராஹிமுக்கு வந்த கடிதத்தில் அது 25 ஆகியிருந்தது. ஆகஸ்ட்டில் 19-ல் வந்து நின்றது. ஐந்து மாதத்துக்குள் நான்கு எண்கள். அடுத்த ஆண்டுக்கான ஆர்டரையும் ஆள் எடுப்பையும் கணக்குப் போட வேண்டிய ஒரு சிறு தொழிற்சாலை முதலாளியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வரி கூடுவதைவிட, நாளை எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்குத் தலைவலி.

சிப்களுக்கு அப்போது விலக்கு கிடைத்தது. ஆனால் அதே ஆகஸ்ட்டில், வெளியிலிருந்து வரும் சிப்களுக்கு 100 விழுக்காடு வரி போடுவேன், அமெரிக்காவில் ஆலை கட்டுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு என்றார் டிரம்ப். அதே மாதம் இன்டெல்லில் சுமார் 10 விழுக்காடு பங்கை அமெரிக்க அரசே வாங்கியது. பினாங்கின் மிகப் பழைய அமெரிக்க முதலாளி கம்பெனிகளில் ஒன்றில் இப்போது வாஷிங்டனும் பங்குதாரர். அடுத்து வரும் அதிபர் அந்தப் பங்கை என்ன செய்யப்போகிறார் என்பது நிச்சயம் நம் ஊர்க் கேள்வியும்தான்.

அக்டோபர் 26-ஆம் தேதி ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்த டிரம்ப், அன்வாரோடு ஒரு வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மலேசியாவுக்கு வந்த மூன்றாவது அமெரிக்க அதிபர் அவர். முதலில் வந்தவர் 1966-ல் லிண்டன் ஜான்சன். அவர் பெயரில் நெகிரி செம்பிலானில் ஒரு பெல்டா குடியேற்றமே இருக்கிறது. அடுத்தவர் வர 48 ஆண்டுகள் ஆயின: 2014-ல் பராக் ஒபாமா.

அப்படியானால் ஒரு கட்சி நமக்கு நல்லது, மற்றது கெட்டதா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறோம். டிக்டாக்கில் பத்து வினாடி வீடியோ பார்த்துவிட்டு "நீலம் நமக்கு நல்லது, சிவப்பு கெட்டது" என்று சொல்லிவிடுவது சுலபம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

மலேசியாவும் சேர்ந்திருந்த டி.பி.பி. என்ற பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒபாமா முன்னின்று நடத்தினார், 2016 பிப்ரவரியில் மலேசியா உட்பட 12 நாடுகள் கையெழுத்திட்டன. 2017 ஜனவரியில் பதவிக்கு வந்த முதல் வாரத்திலேயே டிரம்ப் அதிலிருந்து அமெரிக்காவை விலக்கினார். இதுவரை கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2016-ல் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலரி கிளிண்டனும் பிரசாரத்தில் அதை எதிர்த்தார், ஒபாமாவின் சொந்தக் கட்சிக்காரராக இருந்தும். பின்னால் வந்த ஜோ பைடனும் அதில் திரும்பச் சேரவில்லை.

சீனா விஷயமும் இப்படித்தான். 2018-ல் டிரம்ப் சீனப் பொருள்கள் மீது வரி போட்டார். பைடன் வந்து அதை எடுக்கவில்லை. 2024 மே மாதம் சீன மின்சாரக் கார்களுக்கு 100 விழுக்காடு, சீனச் சிப்களுக்கு 50 விழுக்காடு என்று ஏற்றவும் செய்தார். அந்த வரிக்குப் பயந்த கம்பெனிகள் "சீனாவிலும் இருப்போம், வேறு எங்காவதும் இருப்போம்" என்று இடம் தேடியபோது பலருக்குக் கண்ணில் பட்டது பினாங்கு. 2023-ல் மட்டும் இந்த மாநிலத்துக்கு வந்த நேரடி வெளிநாட்டு முதலீடு 60.1 பில்லியன் ரிங்கிட். 2013 முதல் 2020 வரை எட்டு ஆண்டுகளில் வந்ததை எல்லாம் கூட்டினாலும் இது அதிகம்.

சொல்லப்போனால், பினாங்குக்கு அதிர்ஷ்டம் கொண்டுவந்ததும் அந்த வர்த்தகச் சண்டைதான், 2025-ல் வயிற்றில் புளியைக் கரைத்ததும் அதே சண்டைதான். அதை நடத்தியது ஒரு கட்சி மட்டும் இல்லை. 2022-ல் பைடன் கையெழுத்திட்ட சிப் சட்டமும் உற்பத்தியை அமெரிக்காவுக்குள் இழுக்கத்தான் வந்தது. அவர் மானியத்தைக் காட்டி இழுத்தார், டிரம்ப் வரியைக் காட்டி இழுக்கிறார்.

ஆகவே கட்சிச் சின்னத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேட்பாளர் எந்த முறையை நம்புகிறார் என்று பாருங்கள். மானியமா, வரியா, ஏற்றுமதித் தடையா? மூன்றும் பினாங்கை மூன்று விதமாகத் தாக்கும். மானியம் வந்தால் புது ஆலை வேறு ஊருக்குப் போகலாம், பழைய ஆலை இங்கேயே ஓடும். வரி வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் லாபமே அடிபடும். ஏற்றுமதித் தடை வேறு ரகம்: எந்தச் சிப் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று வாஷிங்டன் சொல்லும், அதைக் கண்காணிக்கும் வேலை நம் தலையில் விழும். 2025 ஜூலையில், அமெரிக்காவில் உருவான உயர்திறன் ஏ.ஐ. சிப்களை இங்கிருந்து வெளியே அனுப்ப அனுமதி வேண்டும் என்று மலேசியா விதி கொண்டுவந்ததன் பின்னணி அதுதான்.

சிப் மட்டும்தானா?

இல்லை. ஓர் அதிபர் நாடாளுமன்றத்தை அதிகம் கேட்காமல் தானே செய்யக்கூடியவை சில உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்மைத் தொடுபவை பெரும்பாலும் அவைதான்.

மாணவர் விசா ஒன்று. 2025 மே கடைசியில் உலகம் முழுவதும் அமெரிக்கத் தூதரகங்கள் புது மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் கொடுப்பதை நிறுத்தின. ஜூன் நடுவில் மறுபடி தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு ஆகஸ்ட் சேர்க்கைக்குக் காத்திருந்த பிள்ளைக்கு அந்த மூன்று வாரம் எப்படி இருந்திருக்கும்! அதே செப்டம்பரில், புதிதாக எச்-1பி வேலை விசா கேட்டு விண்ணப்பிக்க 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு வந்தது.

இன்னொன்றைப் பற்றி நம் கடைப் பேச்சில் யாரும் வாயைத் திறப்பதில்லை: அகதிகள். மலேசியாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிந்தவர்கள் 1,80,000-க்கும் மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்களும் சின் மக்களும். சிலர் இலங்கைத் தமிழர்கள். பினாங்கிலும் கணிசமாக இருக்கிறார்கள், கட்டுமானத் தளத்திலும் சந்தையிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை, எனவே இங்கே அவர்களுக்குச் சட்டப்படியான நிரந்தர இடம் கிடையாது. மூன்றாவது நாடு ஒன்று ஏற்றால்தான் விடிவு. பல ஆண்டுகளாக அந்த மூன்றாவது நாடு பெரும்பாலும் அமெரிக்கா.

ஓர் ஆண்டில் எத்தனை அகதிகளை ஏற்பது என்ற உச்சவரம்பை நிர்ணயிப்பவர் அதிபர். பைடன் காலத்தில் அது 1,25,000. 2026 நிதியாண்டுக்கு டிரம்ப் அரசு வைத்தது 7,500, அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை இனத்தவருக்கு. அமெரிக்கத் தேர்தல் முடிவால் தன் வாழ்க்கை முழுவதுமாகத் திசைமாறிப்போகிற ஆள் பினாங்கில் யார் என்று கேட்டால், அது சிப் இன்ஜினியர் இல்லை. மார்க்கெட்டில் மீன் பெட்டி தூக்குகிற அந்த ரோஹிங்கியாப் பையன்தான்.

காஸா போரும் இந்தக் கணக்கில் வரும். 2023 அக்டோபருக்குப் பிறகு மலேசியாவில் அமெரிக்க பிராண்டுகளுக்கு எதிராக எழுந்த புறக்கணிப்பு, இங்கே அந்தக் கடைகளில் பகுதிநேர வேலை பார்த்த பிள்ளைகளையும் தொட்டது. ஆனால் இஸ்ரேல் விஷயத்தில் இரு கட்சி வேட்பாளர்களுக்கும் உள்ள இடைவெளி, நம்மில் பலர் எதிர்பார்க்கிற அளவு பெரியதாக இதுவரை இருந்ததில்லை.

'நம்ம ஆளு' வந்தால்?

2020 ஆகஸ்ட்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்திய கமலா ஹாரிஸ், தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது 'சித்தி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அன்று தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே இல்லை. அவருடைய தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2024-ல் அவர் அதிபர் வேட்பாளரானபோது அந்த ஊர்க் கோயிலில் சிறப்புப் பூஜை நடந்தது. அதே தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமியும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான்.

பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள்: இந்த இருவரின் கொள்கைகளும் எதிரெதிர். தமிழ் வேர் என்பது வேட்பாளரை அளக்கும் அளவுகோலாக இருந்தால், ஒரே அளவுகோல் இரண்டு எதிர்த் திசைகளைக் காட்டுகிறது. ஒபாமா சிறுவயதில் ஜகார்த்தாவில் வளர்ந்தவர் என்பதற்காக இந்த வட்டாரத்துக்கு அமெரிக்க வரி குறைந்துவிடவில்லை. வேட்பாளரின் பாட்டி ஊரைத் தேடுகிற நேரத்தில், அவர் வர்த்தகத் துறைக்கு யாரைப் போடப்போகிறார் என்று தேடினால் பயன் உண்டு.

வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நமக்குப் பழகிய முறை வேறு. இங்கே கட்சித் தலைமை வேட்பாளரை அறிவிக்கும், நாம் ஓட்டுச் சீட்டில் சின்னத்தைப் பார்த்துக் குறியிடுவோம். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கு என்று பார்த்து மாமன்னர் பிரதமரை நியமிப்பார். அமெரிக்காவில் கட்சி வேட்பாளரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு முதல்நிலைத் தேர்தல் என்று பெயர். எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் நடக்காது. அதில் கிடைக்கும் பேராளர்கள் கட்சி மாநாட்டில் கூடி வேட்பாளரை உறுதி செய்வார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முதல்நிலைத் தேர்தலில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்பில் விதிகள் மாறி, 1972 முதல் இப்போதைய முறை வேரூன்றியது. பாயான் லெப்பாஸ் வயலில் இன்டெல் ஆலை எழுந்த அதே வருடம். இன்றும் விதிவிலக்கு உண்டு: 2024 ஜூலை 21-ஆம் தேதி பைடன் விலகியபோது, முதல்நிலைத் தேர்தலில் நிற்காத ஹாரிஸைக் கட்சிப் பேராளர்கள் இணையவழி வாக்கெடுப்பில் வேட்பாளராக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. 2024 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 1,10,000 பேர்தான். பினாங்கு மாநிலத்தில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிறோம். கடும் குளிரில் வெளியே வந்த அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் காட்டிய திசையில்தான் போட்டி நகர்ந்தது. ராமசாமி நான்காவது இடம் பிடித்து அன்றிரவே விலகினார்.

பினாங்கில் இருக்கும் அமெரிக்கர் எப்படி ஓட்டுப் போடுகிறார்?

தஞ்சோங் பூங்காவிலோ பத்து ஃபெரிங்கியிலோ உங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கர் இருக்கலாம். கம்பெனி வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்றுத் தங்கியவர், மலேசியரைக் கட்டிக்கொண்டவர் என்று பல வகை. அவருக்கு அங்கே வீடு வாசல் எதுவும் இல்லாவிட்டாலும், கடைசியாக எந்த மாநிலத்தில் வசித்தாரோ அங்கே அவருக்கு ஓட்டு உண்டு. 1986-ல் வந்த சட்டம் அதை உறுதி செய்கிறது.

நடைமுறை இதுதான். வெளிநாட்டு வாக்காளர்களுக்கான ஒரு விண்ணப்பப் படிவத்தை அவர் தன் மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வோர் ஆண்டும். தேர்தலுக்கு 45 நாள் முன்பே மாநிலம் ஓட்டுச் சீட்டை அனுப்பியாக வேண்டும். 2009-ல் வந்த சட்டத் திருத்தம் இது. 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் வெளிநாட்டில் இருந்த மலேசியர்கள் பலர், தபாலில் ஓட்டுச் சீட்டு வந்து சேரவே இல்லை, வந்தாலும் திருப்பி அனுப்ப நாள் இல்லை என்று கொதித்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த 45 நாளின் அருமை அப்போது புரியும். நிரப்பிய சீட்டைச் சில மாநிலங்கள் மின்னஞ்சலில் ஏற்கும், சில தபாலில் மட்டுமே ஏற்கும்.

அமெரிக்காவில் ஒரு நாள்கூட வாழாத, பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமகனுக்கும் பல மாநிலங்களில் பெற்றோரின் கடைசி முகவரியை வைத்து ஓட்டு உண்டு. ஆனால் பாருங்கள், ஒஹாயோக்காரர் ஒருவர் பினாங்குக்குக் குடிபெயர்ந்தால் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அவரே அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபெயர்ந்தால் போட முடியாது! அந்தத் தீவு மாநிலம் இல்லை என்பதால் அதிபர் தேர்தலில் அதற்கு இடமில்லை.

ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. வெளிநாட்டில் வாழும் ஆதரவாளர்களை அந்தக் கட்சி ஒரு தனி மாநிலம் மாதிரியே நடத்துகிறது, உலகளாவிய முதல்நிலைத் தேர்தல் வைத்துப் பேராளர்களை அனுப்புகிறது. 2008-ல் இது தொடங்கியபோது முதல் ஓட்டு விழுந்தது நம் பக்கத்து நாட்டில்: பிப்ரவரி 5-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் ஜகார்த்தாவில் ஒரு ஹோட்டலில். அங்கே ஒபாமாவுக்குச் சுமார் 75 விழுக்காடு. 2016-லும் 2020-லும் வெளிநாட்டு அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்தவர் பெர்னி சாண்டர்ஸ். கட்சி வேட்பாளரானவர்கள் கிளிண்டனும் பைடனும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களின் ரசனையும் உள்ளே இருக்கிறவர்களின் தேவையும் ஒன்றாக இருப்பதில்லை, அமெரிக்கர்களுக்கே.

குடியரசுக் கட்சி இப்படி ஒரு தேர்தல் வைப்பதில்லை. அதன் ஆதரவாளர்கள் தங்கள் மாநில முதல்நிலைத் தேர்தலிலேயே தபாலில் ஓட்டுப் போட வேண்டும்.

தூரத்திலிருந்து போடும் ஓட்டு கணக்கில் வருமா என்றால், 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவைப் பாருங்கள். முதல் கட்ட எண்ணிக்கைகளுக்குப் பிறகு ஜார்ஜ் புஷ் வெறும் 300 ஓட்டு முன்னிலை. வெளிநாட்டுத் தபால் ஓட்டுகளைச் சேர்த்ததும் அது 930 ஆனது. கடைசியில் 537 என்று அறிவிக்கப்பட்டது. அந்த 537-ல்தான் அமெரிக்க அதிபர் பதவி முடிவானது.

நீங்கள் செய்யக்கூடாதது எது?

ஒரு வேட்பாளரைப் பிடித்துவிட்டது, நாலு காசு அனுப்பலாமே என்று தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள். அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பாளரோ அல்லாத எவரும் அங்குள்ள எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது. ஒரு டாலர் என்றாலும் சட்டவிரோதம். வேட்பாளரின் அதிகாரபூர்வத் தளத்தில் தொப்பியோ டி-சட்டையோ வாங்கினால்கூட அது நன்கொடைக் கணக்கில் சேரும். கருத்துச் சொல்லத் தடை இல்லை.

அங்கே கிரீன் கார்டில் இருக்கும் உங்கள் அண்ணன் நிலைமை நடுவாந்தரம். அவர் பணம் தரலாம், ஓட்டுப் போடக்கூடாது. தெரியாமல் போட்டாலும் நாடுகடத்தும் அளவுக்குப் போகும். ஐந்து ஆண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமே என்றால், இங்கேதான் நெஞ்சைத் தொடும் கணக்கு வருகிறது. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவரின் குடியுரிமையைப் பறிக்க அரசமைப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு இடம் தருகிறது. அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு அவர் கொடுக்கும் விலை, பினாங்கில் அம்மா அப்பாவோடு வரிசையில் நின்று போடும் ஓட்டு. வெளிநாட்டில் பத்து இருபது வருடம் வாழ்ந்தும் சிவப்புக் கடப்பிதழை விடாமல் வைத்திருப்பவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்கிறவர்கள் இதை யோசித்ததில்லை.

இனி எதைக் கவனிக்கலாம்?

முதலில், 2026 நவம்பர் 3-ஆம் தேதி நடக்கும் அமெரிக்க இடைத்தேர்தல். யார் யார் அதிபர் வேட்பாளராகக் கிளம்புவார்கள் என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெளிவாகும். அவர்கள் விவாத மேடையில் பேசும்போது 'சீனா' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் வாக்கியத்தை உன்னித்துக் கேளுங்கள். சீனாவில் மட்டும் செய்யக்கூடாது என்கிறாரா, அமெரிக்காவுக்கு வெளியே எங்கும் செய்யக்கூடாது என்கிறாரா? முதலாவது சொன்னவர் காலத்தில் பினாங்குக்கு ஆலை வரும், இரண்டாவது சொன்னவர் காலத்தில் போகும். வரி போட அதிபருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2025 வரிகள் மீதான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனதே அந்தக் கேள்விக்காகத்தான்.

முதல்நிலைத் தேர்தல்கள் 2028 தொடக்கத்தில் ஆரம்பிக்கும். நம் நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டு தவணை 2027 டிசம்பரில் முடிகிறது. அதற்குமுன் கலைக்கப்படாவிட்டால் 2028 பிப்ரவரிக்குள் இங்கே பொதுத் தேர்தல் நடந்தாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோத வாய்ப்பு இருக்கிறது. 18 வயதானவர்களின் பெயர் 2021 டிசம்பர் முதல் தானாகவே நம் வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் எந்தத் தொகுதியில் சேர்ந்திருக்கிறது என்பது உங்கள் மைகாட் முகவரியைப் பொறுத்தது. வேலைக்காகப் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு மாறியும் முகவரியை மாற்றாதவர்கள், தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.